தர்மசங்கடம் என்றால் இதுதான்: போர்முனை மருத்துவரின் இரண்டு கடமைகள்

1799 மே மாதம். மத்தியதரைக் கடலோரம், இன்றைய இஸ்ரேலில் இருக்கும் ஆக்கர் கோட்டைக்கு வெளியே பிரெஞ்சுப் படையின் கூடாரம். இரண்டு மாதம் முற்றுகையிட்டும் கோட்டை விழவில்லை. எகிப்துக்கே திரும்பிவிடலாம் என்று நெப்போலியன் முடிவெடுத்துவிட்டார். ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. படையில் பிளேக் பரவியிருந்தது. நடக்க முடியாத நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு போனால் மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். விட்டுவிட்டுப் போனால் பின்னாலேயே வரும் துருக்கியப் படை அவர்களை உயிரோடு விடாது. தலைமை மருத்துவர் ரெனே தெஜெனெத்தை நெப்போலியன் கூப்பிட்டார். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இவர்களுக்கு அபினி கொடுத்து வேதனையை முடித்துவைப்பேன், படைக்கும் ஆபத்து தீரும் என்றார். என் வேலை உயிரைக் காப்பது என்று சொல்லி தெஜெனெத் மறுத்துவிட்டார்.

இந்தப் பேச்சைத் தெஜெனெத்தே பிற்பாடு எழுதிவைத்திருக்கிறார். இதைப் படிக்கும்போது கொஞ்சம் நிதானிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இந்த இரண்டு பேரில் யார் கருணையோடு பேசியது? மேலோட்டமாகப் பார்த்தால் நெப்போலியன்தான். எதிரி கையில் சிக்கிச் சாவதைவிடத் தூக்கத்தில் போகட்டும் என்கிறார். கடமை, கடமை என்று பிடிவாதம் பிடிப்பவர் மருத்துவர். ஆனால் நெப்போலியனின் கருணைக்குள் ஒரு படைத்தலைவரின் கணக்கும் ஒளிந்திருக்கிறது. நோயாளிகள் இல்லாவிட்டால் படை வேகமாக நகரும், தொற்றும் குறையும். எது இரக்கம், எது வசதி என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி இரண்டும் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன.

போரில் மருத்துவருக்கு வரும் மனப்போராட்டத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. இதற்குத் தமிழில் ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது: தர்மசங்கடம். கல்யாண வீட்டில் இரண்டு பக்கமும் சாப்பிடக் கூப்பிட்டால்கூட இன்று அதைத்தான் சொல்கிறோம். அந்தச் சொல்லின் உண்மையான எடை வேறு. ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் மோதினால் அது சங்கடமே இல்லை. நல்லதைச் செய்துவிட்டுப் போகலாம். இரண்டு பக்கமும் தர்மமாக இருந்து, ஒன்றைச் செய்தால் இன்னொன்று உடையும் என்ற நிலை வந்தால்தான் அது தர்மசங்கடம்.

சாதாரண நாளில் மருத்துவருக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. வைத்தியத்துக்கு நான்கு உறுப்பு என்று வள்ளுவர் கணக்குச் சொல்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவர். நான்கும் ஒரே திசையில் இழுக்கின்றன. நோயாளி பிழைக்க வேண்டும், அவ்வளவுதான். போரில் ஐந்தாவதாக ஒருவர் அந்த அறைக்குள் வந்து நிற்கிறார். அவர்தான் தளபதி. சம்பளம் தருபவர் அவர், மருந்துப் பெட்டி அவருடையது, உத்தரவும் அவருடையது. அவருக்கு வேண்டியது வெற்றி. படை மருத்துவர் ஒரே நேரத்தில் நோயாளிக்கும் தளபதிக்கும் கடமைப்பட்டவர் ஆகிறார். மருத்துவ அறவியல் படிப்பவர்கள் இந்த நிலையை 'இரட்டை விசுவாசம்' என்பார்கள். இதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

தெஜெனெத்தின் கதைக்கு ஒரு வால் இருக்கிறது. அவர் மறுத்தாலும் விஷயம் அத்தோடு நிற்கவில்லை. படை திரும்பும் வழியில் யாஃபா என்ற துறைமுக ஊருக்கு வந்து சேர்ந்தபோது, அங்கே கிடந்த நோயாளிகளில் 25, 30 பேருக்கு வேறு யாரோ அபினிச் சாற்றைக் கொடுத்துவிட்டார்கள் என்று அவர் எழுதுகிறார். (பிரிட்டிஷ் தரப்பு இதை நூற்றுக்கணக்கில் ஏற்றி ஐரோப்பா முழுக்கப் பரப்பியது, அது போர்ப் பிரசாரம்.) அதில் சிலர் குடித்ததை வாந்தியெடுத்துவிட்டார்கள். பிறகு நோயிலிருந்தும் தேறினார்கள். நடந்ததை ஊருக்குச் சொன்னவர்களே அவர்கள்தான். எப்படியும் செத்துவிடுவார்கள் என்று முடிவுகட்டப்பட்டவர்கள் எழுந்து வந்து பேசினார்கள். மருத்துவர் தன் விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்: இரக்கம் கணக்கில் தவறு செய்யும். களைத்துப்போன, பயந்துபோன படையின் இரக்கம் இன்னும் அதிகமாகத் தவறு செய்யும்.

யாரை முதலில் பார்ப்பது?

ஐந்தாவது ஆள் இல்லாவிட்டாலும் போர்முனையில் இன்னொரு பிரச்சினை இருக்கிறது. நோயாளிகள் அதிகம், கைகள் குறைவு. ஒரு கூடாரத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே மேசை, ஒரே அறுவை மருத்துவர். மூன்று பேரைக் கொண்டுவந்து கிடத்துகிறார்கள். முதல் ஆளுக்கு வயிறு கிழிந்து குடல் சிதைந்திருக்கிறது. இரண்டு மணி நேரம் உழைத்தாலும் பிழைப்பது சந்தேகம். மற்ற இருவருக்கும் தொடையில் இரத்தக்குழாய் அறுந்திருக்கிறது. ஆளுக்கு இருபது நிமிடம் கொடுத்தால் பிழைத்துக்கொள்வார்கள், கொடுக்காவிட்டால் போய்விடுவார்கள். முதல் ஆள் பத்தொன்பது வயதுப் பையன். நினைவோடு இருக்கிறான். மருத்துவரின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

அந்தக் கையை உதறிவிட்டு அடுத்த ஆளிடம் போவதற்குப் பெயர்தான் டிரையாஜ். 'பிரித்தெடுத்தல்' என்று பொருள் தரும் பிரெஞ்சுச் சொல். நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் தொமினிக் லாரே இதை ஒரு முறையாக வகுத்தவர்களில் முக்கியமானவர். பதவியைப் பார்க்காதே, யாருக்குக் காயம் ஆபத்தாக இருக்கிறதோ அவரை முதலில் பார் என்பது அவர் விதி. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அதற்குமுன் ஒரு ஜெனரலின் கீறல், சிப்பாயின் உடைந்த காலுக்கு முன்னால் கவனிக்கப்படுவது சகஜம்.

இன்று இதற்கு நிறங்கள் வந்துவிட்டன. சிவப்பு என்றால் உடனே, மஞ்சள் என்றால் சற்றுப் பொறுக்கலாம், பச்சை என்றால் காத்திருக்கலாம். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் இந்த நிறங்களை நீங்களே பார்த்திருக்கலாம். ஒருமுறை அப்பாவைக் கடும் காய்ச்சலோடு கூட்டிப்போய் ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எங்களுக்குப் பிறகு வந்த ஒருவரை நேராக உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். எழுந்துபோய்ச் சத்தம் போட்டேன். "அவருக்கு ஹார்ட் அட்டாக் சார், உங்க அப்பா பேசிட்டுதானே இருக்காங்க" என்றார் நர்ஸ். வெட்கமாகிவிட்டது. நிறங்களின் நியாயம் எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

நான் மேலே சொல்லாமல் விட்ட நான்காவது நிறம் கறுப்பு. இறந்தவர்களுக்கும், இருக்கிற வசதியில் காப்பாற்ற முடியாதவர்களுக்கும் அதுதான். நம்மூர் அவசரப் பிரிவில் உயிரோடு இருப்பவர்மேல் அந்த நிறம் விழுவது மிக அரிது, ஏனென்றால் இன்னொரு மருத்துவரைக் கூப்பிடலாம், ஆம்புலன்ஸில் வேறு ஊருக்கு அனுப்பலாம். கூடாரத்தில் அந்தப் பையனுக்குக் கறுப்புதான். அவனுக்கு வலிமருந்து கொடுக்கலாம், யாராவது பக்கத்தில் உட்காரலாம். நேரம் மட்டும் கிடையாது. கண்ணெதிரே இருப்பவன்மேல் இரக்கப்பட்டால், கண்ணுக்குப் படாத ஓரத்தில் கிடக்கும் இருவர் செத்துப்போவார்கள். விதி அந்த இருவருக்காகப் பேசுகிறது. இதைக் கல்நெஞ்சம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முகம் தெரியாதவர்கள்மேல் வைக்கும் இரக்கம் வெளியே பார்க்க விதி மாதிரிதான் தெரியும்.

இந்த முறைக்குள் ஐந்தாவது ஆள் நுழைந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். 1943இல் வட ஆப்பிரிக்கப் போர்முனையில் அமெரிக்கப் படைக்குப் பென்சிலின் கொஞ்சமாகத்தான் கிடைத்தது. போரில் காயம்பட்டுச் சீழ்பிடித்துக் கிடந்தவர்கள் ஒரு பக்கம், விலைமாதர் விடுதிகளில் வெட்டைநோய் வாங்கிவந்தவர்கள் இன்னொரு பக்கம். மருந்து இரண்டாமவர்களுக்குப் போனது. காரணம் எளிது. வெட்டைநோய்க்காரன் சில நாளில் குணமாகித் துப்பாக்கியைத் தூக்குவான், காயம்பட்டவன் குணமானாலும் மாதக்கணக்கில் படுக்கையில் கிடப்பான். மருத்துவக் கண்ணால் பார்த்தால் அநியாயம். போர்க் கண்ணால் பார்த்தால் சரியான கணக்கு. மருத்துவ மாணவர்களுக்கு டிரையாஜ் பாடம் எடுப்பவர்கள் இன்றும் இதைச் சொல்லிவிட்டு, உங்கள் கருத்து என்ன என்று கேட்பார்கள்.

எதிரியின் காயம்

1859 ஜூன் 24. வட இத்தாலியில் சோல்ஃபெரினோ. ஒரு பக்கம் பிரான்சும் சார்டினியாவும், மறுபக்கம் ஆஸ்திரியா. ஒரே நாள் சண்டையில் ஆயிரக்கணக்கானவர்கள் காயம்பட்டு விழுந்தார்கள். ஜெனீவாவிலிருந்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போயிருந்த ஆன்ரி துனான் என்ற வியாபாரி, பக்கத்து ஊரான காஸ்திலியோனேவின் தேவாலயத்தில் அவர்களைப் பார்த்தார். மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள். தண்ணீர் கொடுத்ததும் கட்டு போட்டதும் ஊர்ப் பெண்கள். ஆஸ்திரியச் சிப்பாய் அவர்கள் மண்ணுக்கு எதிரி. ஆனாலும் 'எல்லோரும் சகோதரர்களே' என்று சொல்லிக்கொண்டு அவனுக்கும் அதே தண்ணீரைக் கொடுத்தார்கள்.

செஞ்சிலுவை இயக்கத்துக்கும் 1864ஆம் ஆண்டின் முதல் ஜெனீவா ஒப்பந்தத்துக்கும் விதை இதுதான். முதலில் கையெழுத்திட்டவை 12 நாடுகள். காயம்பட்டவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் எடுத்துவந்து கவனிக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1949இல் விரிவாக்கி எழுதியபோது முதல் ஒப்பந்தத்தின் 12ஆம் பிரிவில் ஒரு வரியைச் சேர்த்தார்கள்: யாருக்கு முதலில் சிகிச்சை என்பதை மருத்துவ அவசரம் மட்டுமே தீர்மானிக்கலாம். என் ஆளுக்கு முதலில், எதிரிக்குப் பிறகு என்பது அதோடு சட்டவிரோதம் ஆயிற்று. அதே பிரிவில் இன்னொன்றும் உண்டு. பின்வாங்கும் படை காயம்பட்டவர்களை எதிரியிடம் விட்டுப்போகும்படி ஆனால், முடிந்தவரை மருத்துவர்களில் சிலரையும் மருந்தையும் அவர்களோடு விட்டுச்செல்ல வேண்டும். தூக்கிக்கொண்டு போவது அல்லது அபினி கொடுப்பது என்று நெப்போலியன் வைத்த இரண்டு வழிகளுக்கு நடுவே மூன்றாவது வழி ஒன்று எழுத்தில் வந்துவிட்டது. இந்த விதி முதலில் எழுதப்பட்டது 1906ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தத்தில். ஆக்கர் கூடாரத்திலிருந்து எண்ணினால் 107 வருடம்.

அப்படித் தங்கிவிடும் மருத்துவரை எதிரி என்ன செய்வான்? சட்டப்படி அவர் போர்க்கைதி இல்லை. கைதிகளுக்கு வைத்தியம் பார்க்கத் தேவைப்படும் வரைக்கும்தான் வைத்துக்கொள்ளலாம், பிறகு திருப்பி அனுப்ப வேண்டும். இதெல்லாம் எழுதப்படாத காலத்திலும் சில சமயம் நடந்திருக்கிறது. 1812இல் ரஷ்யாவிலிருந்து பின்வாங்கும் வழியில் நம் தெஜெனெத் பிடிபட்டார். ரஷ்யச் சிப்பாய்களுக்கும் அவர் வைத்தியம் பார்த்திருந்தார் என்பதால் ஜார் அலெக்சாந்தர் அவரை விடுவித்தார்.

எழுத்தில் இருக்கிறது, சரி. நடைமுறையில்? 2015 அக்டோபர் 3ஆம் தேதி ஆப்கானிஸ்தானின் குந்தூஸ் நகரில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவமனையை அமெரிக்க விமானம் தாக்கியது. 42 பேர் இறந்தார்கள். தவறுதலாக நடந்தது என்றது அமெரிக்கா. ஆனால் உள்ளே தாலிபான்கள் இருந்தார்கள் என்றுதான் ஆப்கன் தரப்பில் சிலர் உடனே பேசினார்கள். காயம்பட்டுப் படுத்திருக்கும் தாலிபான் சட்டத்தின் பார்வையில் ஒரு நோயாளி, அவ்வளவுதான். அவருக்குக் கட்டு போட்ட மருத்துவர் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. இதை ஏற்றுக்கொள்வது நமக்குக் கடினம் என்பதும் உண்மைதான். நம் ஊரில் குண்டு வைத்தவனுக்கு நம் மருத்துவர் இரத்தம் ஏற்றினால் எத்தனை பேர் பேசாமல் இருப்போம்?

ஓர் அரசே இந்தத் தர்மசங்கடத்தில் சிக்கியதும் உண்டு. 1950இல் கொரியப் போருக்குப் படை அனுப்பும்படி ஐ.நா. இந்தியாவைக் கேட்டது. நேரு அரசு படை அனுப்பவில்லை. 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பியது. தலைமை தாங்கியவர் ஏ.ஜி. ரங்கராஜ்; அந்த 'ஏ' ஆற்காடு. வட கொரியத் தலைநகர் பியோங்யாங்கிலிருந்து ஐ.நா. படை அவசரமாகப் பின்வாங்கியபோது, மருத்துவக் கருவிகளை விட்டுவர மனமில்லாமல் ஒரு ரயில் எஞ்சினைத் தேடிப்பிடித்துத் தாங்களே ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்த பிரிவு இது. துப்பாக்கி வேண்டாம், கத்தரிக்கோல் போதும் என்ற அழகான தீர்வு. ஆனால் 1951 மார்ச்சில் அமெரிக்க வான்குடைப் படையோடு சேர்ந்து அவர்களும் குதித்தார்கள். காயம்படுகிற இடத்தில்தானே மருத்துவர் இருக்க வேண்டும் என்பதும் நியாயம்தான். ஒரு தரப்போடு குதித்துவிட்டு நடுநிலை என்று சொல்ல முடியுமா என்ற கேள்வியும் நியாயம்தான்.

குணமாக்கி அனுப்புவது எங்கே?

இதுவரை பார்த்ததெல்லாம் மருத்துவம் பார்க்கலாமா, யாருக்குப் பார்ப்பது என்ற கேள்விகள். இவற்றைவிடக் கொடுமையானது, வெற்றிகரமாகப் பார்த்து முடித்த வைத்தியம். குணமானவன் எங்கே போவான்? திரும்பப் போர்முனைக்கு.

டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் என்ற பெயரைத் தமிழ்நாட்டில் மானுடவியல் படித்தவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். 1900களின் தொடக்கத்தில் நீலகிரியில் தங்கித் தோடர்களின் எருமை மந்தைகளையும் பால்மடச் சடங்குகளையும் உறவுமுறைகளையும் ஆராய்ந்து, 1906இல் பெரிய புத்தகமாக எழுதியவர். அடிப்படையில் அவர் மருத்துவர். முதல் உலகப் போரில் படை மருத்துவராக, ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்கு அருகே கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில் வேலை பார்த்தார். அங்கே வந்தவர்களின் உடலில் காயம் இல்லை. பேச்சு போனவர்கள், கை நடுங்குபவர்கள், இரவில் அலறி எழுபவர்கள். 'ஷெல் ஷாக்' என்றார்கள்.

இந்த நோயைப் பல தளபதிகள் நோயாகவே பார்க்கவில்லை, கோழைத்தனம் என்றார்கள். பிரிட்டிஷ் படை அந்தப் போரில் ஓடிப்போனதற்கும் கோழைத்தனத்துக்குமாகச் சுட்டுக்கொன்றவர்களில் 306 பேருக்கு 2006இல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. சுடுவதற்குமுன் கைதியின் சட்டையில், இதயம் இருக்கும் இடத்தில், அடையாளத்துக்கு வெள்ளைத் துணி ஒன்றைக் குத்திவைப்பார்கள். அது படை மருத்துவரின் வேலை. ஸ்டெதாஸ்கோப் வைக்கும் அதே இடம்.

ரிவர்ஸ் நோயாளிகளை மிரட்டவில்லை. அதே காலத்தில் லண்டனில் லூயிஸ் யீலண்ட் என்ற மருத்துவர், பேச்சு போன சிப்பாயின் தொண்டையில் மணிக்கணக்கில் மின்சாரம் பாய்ச்சி, பேசினால்தான் அறையைவிட்டு வெளியே போகலாம் என்றார். ரிவர்ஸ் உட்கார்ந்து பேசினார். பார்த்த பயங்கரத்தை மறக்கச் சொல்லாதீர்கள், மெல்ல மெல்ல நினைத்துப் பார்க்கப் பழக்குங்கள் என்பது அவர் வழி. ஆனால் இரண்டு மருத்துவர்களும் கடைசியில் கையெழுத்திட வேண்டிய தாள் ஒன்றேதான்: பணிக்குத் தகுதியானவர்.

1917 ஜூலையில் ரிவர்ஸிடம் ஒரு விநோதமான நோயாளி வந்தார். சீக்ஃப்ரீட் சசூன், கவிஞர், வீரப்பதக்கம் வாங்கிய அதிகாரி. முடிவுக்குக் கொண்டுவரும் சக்தி உள்ளவர்களே இந்தப் போரை வேண்டுமென்றே நீட்டிக்கிறார்கள், இனிமேல் இதில் பங்கெடுக்க மாட்டேன் என்று பகிரங்கமாக அறிவித்தவர். ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினால் விளம்பரமாகிவிடும் என்று மனநோயாளி ஆக்கி அனுப்பிவைத்தார்கள். ரிவர்ஸ் சோதித்துப் பார்த்தார். நோய் எதுவும் இல்லை. உங்களுக்கு இருப்பது போர் எதிர்ப்பு என்ற மனச்சிக்கல்தான் என்று விளையாட்டாகச் சொன்னார். நோய் இல்லாதவரை எதிலிருந்து குணமாக்குவது? அவருடைய கருத்திலிருந்து. ரிவர்ஸுக்கு இடப்பட்ட வேலை அதுதான்.

அந்தக் காலத்தில் ரிவர்ஸுக்கு ஒரு கனவு வந்தது. கனவுகளை ஆராய்வது அவர் தொழிலின் ஒரு பகுதி என்பதால் தன் கனவையும் எழுதிவைத்தார். அதைப் பிரித்துப் பார்த்தபோது அவருக்குத் தட்டுப்பட்டது தன் பயம்தான்: இவருடைய மனதை மாற்றப் போய், இவர் என் மனதை மாற்றிவிட்டால் என் நிலைமை என்ன? சீருடையில் இருக்கும்வரை தன் கருத்தைச் சுதந்திரமாகச் சொல்லக்கூடிய ஆளாகத் தான் இல்லை என்றும் எழுதினார். ஒரு மருத்துவர் இரட்டை விசுவாசத்தை இவ்வளவு நேர்மையாக உள்ளேயிருந்து விவரித்து நான் வேறெங்கும் படித்ததில்லை.

நவம்பரில் சசூன் தானாகவே திரும்பிப் போகச் சம்மதித்தார். தன் ஆட்கள் அங்கே சாகும்போது தான் இங்கே பத்திரமாக இருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. 1918 ஜூலையில் தலையில் குண்டு பட்டும் பிழைத்துக்கொண்டார். அதே மருத்துவமனையில் வேறொரு மருத்துவரிடம் குணமான இன்னொரு கவிஞர் வில்ஃப்ரெட் ஓவன் பிழைக்கவில்லை. போர் முடிய ஒரு வாரம் இருந்தபோது, 1918 நவம்பர் 4ஆம் தேதி, பிரான்சில் ஒரு கால்வாயைக் கடக்கும்போது சுடப்பட்டு இறந்தார். அவருக்குப் பார்த்த வைத்தியத்தில் எந்தக் குறையும் இல்லை.

கடமையும் இரக்கமும் எப்போதும் இப்படி எதிரெதிராக நிற்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1813இல் ஜெர்மனியில் நெப்போலியன் படை போரிட்ட பாவுட்சன் சண்டைக்குப் பிறகு, கையிலும் விரலிலும் காயத்தோடு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இளம் சிப்பாய்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள். போரிலிருந்து தப்பிக்கத் தாங்களே சுட்டுக்கொண்டார்கள் என்று சந்தேகம். நிரூபணமானால் மரண தண்டனை. லாரே தலைமையில் மருத்துவர்கள் ஒவ்வொரு கையாகப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே சுட்டுக்கொண்டதற்குச் சான்று இல்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். முன்வரிசையில் இருந்தவர்களின் கைகளைப் பின்வரிசையில் இருந்த அனுபவமில்லாத பையன்களின் துப்பாக்கிகளே பதம் பார்த்திருந்தன. நெப்போலியனுக்கு முதலில் கோபம், பிறகு லாரேவுக்குப் பரிசு. அங்கே மருத்துவர் செய்தது இரக்கமா கடமையா என்று கேட்டால், காயத்தைக் கவனமாகப் பார்த்தார் என்பதுதான் பதில்.

அப்புறம், வன்னி. இதைத் தமிழில் எழுதும்போது அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. 2009இன் முதல் மாதங்களில் அங்கே இருந்த மருத்துவர்கள் இலங்கை அரசின் ஊழியர்கள். இருந்த இடமோ விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில். போர்முனை நகர நகர மருத்துவமனையும் நகர்ந்தது. புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று. பள்ளிக்கூடக் கட்டடம்கூட மருத்துவமனை ஆனது. புதுக்குடியிருப்பு மருத்துவமனைமேலேயே எறிகணைகள் விழுந்தன. ஐ.நா. நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை அங்கே நடந்த வைத்தியத்தை விவரிக்கிறது: மயக்க மருந்து இல்லாமல் கை கால்களை நீக்கியிருக்கிறார்கள், பழைய துணிதான் கட்டு, சிந்திய இரத்தத்தைச் சேர்த்துத் துணியில் வடிகட்டித் திரும்ப ஏற்றியிருக்கிறார்கள். டிரையாஜ் விதி எழுதியவர்கள், சிவப்பு அட்டை வாங்கியவருக்கு மருந்தாவது இருக்கும் என்று நம்பி எழுதினார்கள். கடல் வழியாகச் செஞ்சிலுவைக் கப்பல் வரும் நாள்களில் யாரை ஏற்றுவது, யாரைக் கரையில் விடுவது என்ற தேர்வும் அங்கே இருந்தது.

அந்த மருத்துவர்கள் இன்னொரு வேலையும் செய்தார்கள். எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பேர் காயத்தோடு வந்தார்கள் என்று செய்தியாளர்களுக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். வெளியாட்கள் யாரும் உள்ளே போக முடியாத நேரம் அது. சம்பளம் தரும் அரசின் கதைக்கு எதிராக அந்த எண்கள் இருந்தன. நோயாளிக்குக் கட்டு போடுவதோடு மருத்துவரின் கடமை முடிகிறதா, அந்தக் காயம் எப்படி வந்தது என்று வெளியே சொல்வதும் அதில் சேர்த்தியா? ஜெனீவா ஒப்பந்தங்களில் இலங்கை 1959இலேயே சேர்ந்துவிட்டது. ஆனால் உள்நாட்டுப் போருக்கு அவற்றில் இருக்கும் பொதுவான மூன்றாம் பிரிவு, காயம்பட்டவர்களையும் நோயாளிகளையும் எடுத்துவந்து கவனிக்க வேண்டும் என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறது. கவனித்தவர் வாய் திறந்தால் என்ன ஆகும் என்று அதில் எதுவும் இல்லை.

மே மாதம் போர் முடிந்ததும் அந்த மருத்துவர்களைக் கைது செய்தார்கள். ஜூலையில் கொழும்பில் செய்தியாளர்கள் முன்னால் உட்காரவைத்தபோது, முன்பு சொன்ன எண்கள் மிகையானவை, புலிகளின் அழுத்தத்தில் சொன்னவை என்றார்கள். பிறகு பிணையில் வெளியே வந்தார்கள். நாட்டைவிட்டு வெளியேறிய ஒருவர் சில வருடம் கழித்து வேறு மாதிரி சொன்னார்: அழுத்தத்தில் பேசியது கொழும்பு மேடையில்தான்.